வலது கையில் வாட்ச்

ஜூலை 21, திங்கள்

காலையிலிருந்து காற்று. கோச்சடை முழுக்கப் புழுதி. செய்ய வேண்டியவை: இஸ்திரித் துணி, நூலகப் புத்தகம், தோழி பூங்கொடியின் படத்துக்குக் குறிப்பு.

நாங்கள் படித்த கல்லூரியில் பழைய மாணவர் கண்காட்சி. அவள் எட்சிங் முதல்முறையாகச் சுவரில். தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரித்து, அச்செடுத்தது. படத்தில் ஒரு நலத்திட்ட உதவி விழா. ஒரே பிளாஸ்டிக் வாளி. கொடுப்பதற்குப் பதினோரு கைகள். எல்லா முகமும் கேமராவைப் பார்த்து. வாங்குகிறவளுக்கு முகமே இல்லை, இரண்டு விரல் மட்டும். அமிலம் அவர்கள் பற்களை ஆழமாகத் தின்றிருக்கிறது. வாங்குகிறவள் விரல்கள் மெல்லிய கீறல். சிரித்தேன். பாதியில் நின்றுவிட்டது.

ஜூலை 22, செவ்வாய்

படம் இல்லை. ஆணி மட்டும்.

அட்டெண்டர் அண்ணன்: “தாளாளரு கழட்டச் சொல்லிட்டாரு தம்பி. நடுவுல நிக்கிறது அவராம்ல. வலது கையில வாட்ச்சு. அம்புட்டுக் கோவம்.”

தாளாளர் வலது கையில்தான் கட்டுவார். பூங்கொடி மன்னிப்புக் கடிதம் தந்தால்தான் படம் திரும்ப ஏறுமாம். திறப்பு விழாவில் கலைச் சுதந்திரம் பற்றி நாற்பது நிமிடம் பேசிய மனிதர். வெட்கமில்லை. பேருந்தில் திருப்பரங்குன்றம் தாண்டியதே தெரியவில்லை.

ஜூலை 23, புதன்

பூங்கொடி சிரிக்கிறாள். “தகட்டுல இடது கையிலதான்டா போட்டேன். அச்சுல திரும்பும்ல, மறந்துட்டேன். அந்தாள நெனைக்கவே இல்ல.” ஆனால் கடிதம் தரமாட்டாளாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவளிடம் சொல்லாமல் தாளாளர் அறைக்குப் போனேன். இடம் வலம் எப்படி மாறும் என்று காகிதத்தில் வரைந்து காட்டினேன். கைப்பிழை, நீங்கள் இல்லை, சார்.

“அட, நான் இல்லையா? மொதல்லயே சொல்லக் கூடாதா தம்பி.”

டீ வந்தது. குடித்தேன்.

ஜூலை 24, வியாழன்

படம் பழைய ஆணியில். தாளாளர் பரிவாரத்தோடு வந்தார். “எவனோ நல்லா மாட்டியிருக்கான்” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் நின்று போட்டோ. “தம்பி, நீயும் வா.”

வாசலில் பூங்கொடி: “நேத்து வரைக்கும் அது அவரா இருந்துச்சு. நீ போயி யாருமே இல்லன்னு ஆக்கிட்டு வந்திருக்க.”

குறிப்பு எழுத வரவில்லை.

அட்டெண்டர் அண்ணன் போட்டோவை அனுப்பியிருக்கிறார். எல்லோரும் கேமராவைப் பார்த்து. படச் சட்டத்தைப் பிடித்திருக்கும் கைகளை எண்ணினேன். ஏழு. ஒன்று என்னுடையது.