திட்டுவதற்கு ஓர் ஆள்

மயாமி,
மார்ச் 6, 1988.

அன்புள்ள மார்செல் அண்ணனுக்கு,

வெர்னா எழுதுகிறேன். ரோஸ்கோ டில்லரியின் மனைவி. கையெழுத்தைப் பார்த்ததும் உறையோடு அடுப்பில் போட்டுவிடாதீர்கள். போன வாரம் நான் டெலிபோன் செய்தபோது என் பெயரைச் சொன்னவுடனே டொக்கென்று வைத்துவிட்டீர்கள். இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் உங்கள் ரோஷம் துருப்பிடிக்கவில்லை, சந்தோஷம். அதனால்தான் எழுதுகிறேன். கோரலி அண்ணியை வாசிக்கச் சொல்லிவிட்டு, கேட்காத மாதிரி நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாலும் எனக்குச் சம்மதம்.

அண்ணிக்கு முட்டி வலி என்று உங்கள் பகாமாஸ் தலைநகர் நாசாவிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். குளிர்ந்த தரையில் வெறும் காலோடு நடக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் மூத்தவன் படகுப் பட்டறையை எடுத்து நடத்துகிறான் என்றும், இன்னும் மரத்தில்தான் கட்டுகிறான் என்றும் கேள்விப்பட்டேன். மேன்-ஓ-வார் தீவுக்காரர்களின் பிடிவாதம் யாருக்கு வரும்! இங்கே ஆற்றங்கரையில் ரோஸ்கோவின் பட்டறை இருந்த இடத்தில் பன்னிரண்டு மாடிக் கட்டடம் நிற்கிறது. அதன் வாசலில் ஒரு காவலாளி எங்களைப் பார்த்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரோஸ்கோவின் இருதயம் கெட்டுப்போயிருக்கிறது. மூன்று குழாய்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றனவாம். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தால் இன்னும் பத்து வருடம்கூட ஓடும், செய்யாவிட்டால் இந்தக் கோடையைத் தாண்டுவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வருகிற 24ஆம் தேதிக்கு நாள் குறித்திருக்கிறார்கள். இவர் மாட்டேன் என்கிறார்.

மாட்டேன் என்று கத்தியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். சிரித்துக்கொண்டே சொல்கிறார். "எழுபத்திரண்டு வயசுல என்னைப் பொளந்து என்னத்த ரிப்பேர் பண்ணப் போறாங்க? போதும் வெர்னா" என்கிறார். அட்லாண்டாவிலிருந்து மகள் வந்து மடியில் விழுந்து அழுதாள், தலையைத் தடவிக்கொடுத்தார். பாதிரியார் வந்தார்; காபி கொடுத்து உபசரித்தார். நான் சண்டை போட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொல்றது சரிதாம்மா" என்றார். நாற்பத்தைந்து வருடக் குடும்பத்தில் அந்த மனிதர் எனக்கு ஒரு தடவைகூட 'சரி' சொன்னதில்லை அண்ணா. அன்றைக்கு அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

உங்கள் இருவருக்கும் நடுவில் நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போது சிரிப்பாக வருகிறது. மயாமியிலிருந்து நாசாவுக்குப் படகுப் பந்தயம் விட ஆரம்பித்த புதிதில் யாருக்கு என்ன தெரியும்? தட்டையான அடியோடு ஒரு மீன்பிடிப் படகு, காரிலிருந்து கழற்றிய இரண்டு இன்ஜின், மேல்தட்டில் பெட்ரோல் பீப்பாய். நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். முழங்காலை மடக்கி, பல் உடையாமலிருக்க ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டு போவீர்கள். வடக்குக் காற்று அடிக்கிற நாளில் வளைகுடா நீரோட்டத்தில் அலை செங்குத்தாக எழும்பும். படகு ஆள் உயரத்துக்குப் பறந்து, கல்லில் விழுவது போல் விழும். நாசாவில் இறங்கும்போது ஆளாளுக்குக் கிழவன் மாதிரி குனிந்துதான் நடப்பீர்கள். அதற்குப் பெயர் விளையாட்டாம்!

இவர் தம் படகுக்கு என் பெயரை வைத்துத் தொலைத்தார். நான் கடைக்குப் போனால், "நேத்து வெர்னாவுக்கு அடியில ஓட்டையாமே?" என்று கசாப்புக்காரன் கேட்பான். உங்கள் படகுக்கு அண்ணியின் பெயர். 'கோரலியை முந்தினாள் வெர்னா' என்று பத்திரிகையில் போட்டபோது அண்ணிக்கும் எனக்கும் ஏதோ தகராறு என்று அட்லாண்டாவிலிருந்து என் மாமியார் கடிதம் போட்டு விசாரித்தார்.

ஞாபகம் இருக்கிறதா, உங்கள் இருவருக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தீர்களே? பின்னால் வந்தவன், முன்னால் வந்தவனின் படகைக் கயிறு போட்டுத் துறையில் கட்ட வேண்டும். மறுநாள் காலையில் துறையிலேயே அடுப்பு மூட்டி அவனுக்குச் சமைத்துப் போட வேண்டும். மொத்தப் பந்தயத்தில் யார் ஜெயித்தால் என்ன, நீங்கள் ஒன்பதாவதும் இவர் பத்தாவதுமாக வந்தாலும் சட்டம் சட்டம்தான். இவருக்கு வெந்நீர் வைக்கவே வராது. ஒரு வருடம் உங்களிடம் தோற்றுவிட்டு, உங்கள் ஊர் ஜானி ரொட்டியைக் கரியாக்கி, மீனைக் கூழாக்கித் தட்டில் போட்டார். துறை முழுக்கக் கூட்டம். நீங்கள் ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்று முடித்து, "டேய் ரோஸ்கோ, இந்தத் தண்டனைக்கு நான் தோத்தே தொலைஞ்சிருக்கலாம்டா!" என்றீர்கள். கூட்டம் அலறிச் சிரித்தது. இவர் மூஞ்சி தொங்கிப்போயிற்று. மறுவாரம் என்னிடம் வந்து, மீன் வேகவைப்பது எப்படி என்று கேட்டுக் கற்றுக்கொண்டார். நீங்கள் சொன்னதற்காக மட்டும்தான்.

அந்த மணல்திட்டு விவகாரத்தையும் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். கன் கே தீவின் கலங்கரை விளக்கைத் தாண்டி, ஆழமில்லாத கடலில் நீங்கள் இருவரும் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது மழை கொட்டியதே, அந்தப் பந்தயம். மற்ற எல்லாப் படகும் திசைகாட்டியைப் பார்த்து நேராகக் கிழக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. நீங்கள் இருவர் மட்டும் திட்டில் ஏறி, தண்ணீர் வற்றி, படகு சாய்ந்து, முழங்காலளவு தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தீர்களாம். "ஏண்டா என் வாலைப் புடிச்சுக்கிட்டு வந்தே?" என்று இவர். "நானா? நீதாண்டா குட்டி போட்ட பூனையாட்டம் என்னையே சுத்துனே!" என்று நீங்கள். பாம் பீச்சிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். உங்கள் இருவருக்கும் வெட்கமே இல்லை. யார் யார் பின்னால் போனது என்று எட்டு வருடம் சண்டை போட்டீர்கள்.

அந்த வாரமே நாசாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு நீங்கள் சொன்னது இதுதான்: "தங்கச்சி, மழையில ஒண்ணும் தெரியல. திசைகாட்டி கிழக்குன்னுதான் காட்டுச்சு. ஆனா ரோஸ்கோ படகைத் திருப்புனான். அவன் திருப்புனா காரணம் இருக்கும்னு நானும் திருப்பிட்டேன். அவன்கிட்ட சொல்லிடாதே." வீட்டுக்கு வந்தால் இவர் அதே கதையைச் சொல்கிறார். "மார்செல் திரும்பினான் வெர்னா. அந்தத் தண்ணியில பொறந்து வளந்தவன் அவன், தப்பா திரும்புவானா? அவன்கிட்ட வாய விட்ராதே." ஒருவரை ஒருவர் நம்பி, கையிலிருந்த திசைகாட்டியை நம்பாமல் வட்டம் அடித்த இரண்டு மகா புத்திசாலிகள்! இரண்டு பேருக்கும் கொடுத்த வாக்கை இவ்வளவு காலம் காப்பாற்றினேன். போதும், இனி முடியாது.

இன்னொரு வாக்கும் இருக்கிறது. அதுதான் கஷ்டமானது.

கடைசி வருடம் நீங்கள் ஒரு புதுப் படகு கட்டிக்கொண்டு வந்தீர்கள். கத்தி மாதிரி கூர்மையான அடிப்பகுதி, அலையைப் பிளந்துகொண்டு போகிற மாதிரி. இவரைத் தோற்கடிப்பதற்காக மட்டும் ஒரு வருடம் உங்கள் தூக்கத்தைக் கெடுத்துக் கட்டினீர்கள் என்று அண்ணி என்னிடம் சொன்னார். கிளம்பும் இடத்தில் 'வெர்னா' இல்லை. கொடி அசைத்த பிறகும் நீங்கள் கிளம்பாமல், படகுகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றித் தேடினீர்களாம். பிறகு கிளம்பி, எல்லோரையும் முந்தி ஜெயித்தும்விட்டீர்கள். மறுநாள் காலையில் துறையில் உங்களுக்குச் சமைத்துப்போட ஆள் இல்லை. அவர் படகை ஓர் ஓட்டல் முதலாளிக்கு விற்றுவிட்டார் என்பதை யாரோ மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்துகொண்டீர்கள். அன்றைக்கு ஒரு தந்தி அடித்தீர்கள். ஒரே வார்த்தை. 'கோழை.'

அந்த மாதம் டாக்டர் அவருடைய முதுகெலும்பைப் படம் எடுத்துப் பார்த்திருந்தார், அண்ணா. கீழே இரண்டு எலும்புகள் நசுங்கிப் போயிருந்தன. தட்டைப் படகில் அத்தனை வருடம் விழுந்ததன் பலன். இன்னும் ஒரு பெரிய அலை, அப்புறம் இரண்டு காலும் போய்விடும் என்றார். இவர் வீட்டுக்கு வந்து, "மார்செலுக்குத் தெரியக் கூடாது" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். ஏன் என்று சண்டை போட்டேன். "தெரிஞ்சா அவன் என்னைப் பாவம்னு பாப்பான். கோழைன்னு நெனச்சாலும் பரவாயில்ல, அவன் என்னைப் பாவம்னு பாக்குறத என்னால தாங்க முடியாது" என்றார்.

தந்தி வந்தபோது நான்தான் வாங்கிக் கொடுத்தேன். படித்தார். இடுப்புப் பட்டையோடு படுக்கையில் கிடந்தார், திரும்பிப் படுக்கக்கூட முடியாது. நீங்கள் சீண்டிய ஒரு வார்த்தைக்கும் பதில் சொல்லாமல் விட்டதில்லை அவர். காய்ச்சலோடு ஒரு பந்தயம் ஓட்டினார், ஏனென்றால் நீங்கள் "அம்மா கஞ்சி வெச்சுத் தந்தாங்களா?" என்று கேட்டீர்கள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் மேல் எனக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் கிளம்பும் இடத்தில் படகுகளுக்கு நடுவே நீங்கள் தேடியதை அண்ணி எழுதியபோது, அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ள எனக்கு இடமில்லாமல் போயிற்று.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் டெலிபோனை வைத்ததும் நான் ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து அறையிலிருந்து இவர், "யாரு?" என்றார். பொய் சொல்ல வரவில்லை. "மார்செல் அண்ணன்" என்றேன். அப்புறம் ஒரு குரல் கேட்டதே! "அந்தத் தடியன் இன்னும் சாகலையா? எனக்கு முன்னாடி போயிருப்பான்னுல்ல நெனச்சேன்! போனை மூஞ்சில வெச்சானா? அவன் யாரு என் வீட்டுப் போனை வெக்கறதுக்கு?" என்று ஆரம்பித்தார் பாருங்கள், ஒரு மணி நேரம் ஓயவில்லை. மணல்திட்டு, கருகிய ரொட்டி, உங்கள் கோணல் சுக்கான் எல்லாம் வந்தது. மாதக்கணக்கில் வெளுத்துக்கிடந்த முகத்தில் ரத்தம் ஏறியது. அன்று இரவு இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் காலையில் மறுபடி அந்தப் பழைய சிரிப்பு, அந்தப் பழைய 'சரிம்மா'.

இந்த வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசுகிறோம் அண்ணா. டாக்டர் மெதுவாகப் பேசுகிறார், மகள் மெதுவாகப் பேசுகிறாள், நானும்தான். ஏற்கெனவே போய்விட்டவரைச் சுற்றி நடப்பது போல் கால் விரலை ஊன்றி நடக்கிறோம். அவருக்கு அது தெரிகிறது. அவரைப் பாவம் என்று பார்க்காத மனிதர் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் மிச்சம்.

அதனால் கேட்கிறேன். சமாதானம் பேச வர வேண்டாம். பூங்கொத்து கொண்டுவர வேண்டாம். முதுகெலும்பு விஷயம் தெரியும் என்று மூச்சுவிடவே வேண்டாம். கட்டிலுக்கு முன்னால் நின்று, கத்தியைப் பார்த்துப் பயந்துவிட்டான் ரோஸ்கோ டில்லரி என்று ஊரெல்லாம் பேசுகிறது, உண்மையா என்று கேளுங்கள். உங்கள் பழைய தொண்டையை எடுத்துக் கேளுங்கள், ஆஸ்பத்திரி வரை கேட்கட்டும். அவர் கோபத்தில் எழுந்து கையெழுத்துப் போட்டுவிட்டால், மிச்சத்தை நானும் டாக்டரும் பார்த்துக்கொள்கிறோம். எனக்கு அவர் வேண்டும் அண்ணா. இன்னும் கொஞ்ச காலமாவது வேண்டும். அவர் இல்லாத வீட்டில் எந்த அறையில் உட்காருவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

நாசாவிலிருந்து காலையில் ஒரு விமானம் இருக்கிறது. அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், முட்டிக்கு நல்ல டாக்டர் இங்கே இருக்கிறார். உங்கள் வீட்டில் பிள்ளைகள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும், உங்கள் மகன் கட்டுகிற படகெல்லாம் கரை சேரட்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்களைக் கண்டதும் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "வெளிய போடா" என்பார்.

போய்விடாதீர்கள்.

உங்கள் தங்கை,
வெர்னா டில்லரி