நாலு இங்கிலீஷுக்கு நடுவில் ஒரு மாப்பிள்ளை

பிப்ரவரி 4

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. போனில் சொல்லியிருப்பேன், நான் போனை எடுத்தாலே உங்கள் தங்கை பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அதனால்தான் கடிதம்.

சனிக்கிழமை வந்தால் நாலு நாட்டுப் பழைய கார் பைத்தியங்கள் என் ஒர்க்‌ஷாப்பில் கூடுவது உங்களுக்குத் தெரியும். ஓட்டை வண்டியைப் பிரிட்டிஷ்காரர் ‘பேங்கர்’ என்பார், அமெரிக்கர் ‘பீட்டர்’ என்பார், ஆஸ்திரேலியர் ‘பாம்’ என்பார். “என் பாமை உங்க வாசல்லதான் விட்டிருக்கேன்” என்று அவர் சொன்ன அன்று அமெரிக்கர் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். தென்னாப்பிரிக்கருக்கோ சிக்னல் விளக்கு என்றால் ‘ரோபோ’. நாலு இங்கிலீஷுக்கும் நடுவில் நின்று சமாதானம் செய்கிறவன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன சனிக்கிழமை பிரிட்டிஷ்காரர் எஞ்சின் மூடியைத் தட்டி, “இதுக்கு அமெரிக்காவுல என்ன பேரு?” என்று கேட்டார். வாயைத் திறந்தேன். எதுவும் வரவில்லை. அமெரிக்கப் பேர் மட்டுமில்லை மச்சான், பானெட் என்றோ மூடி என்றோகூட வரவில்லை. என் கை அதன்மேலேயே இருக்கிறது. சிரித்துச் சமாளித்தேன். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள்,
மாப்பிள்ளை

பிப்ரவரி 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இதற்கா இவ்வளவு பீதி? போன வாரம் வங்கியில் பெயரை எழுதச் சொன்னார்கள். என் ஆபீஸ் மேனேஜர் பெயரை எழுதினேன். அந்த மனுஷன் மேல் அவ்வளவு பயம். எதிர்வீட்டு வக்கீல், மனைவி என்று நினைத்து இருட்டில் மாமியாரைத் திட்டிவிட்டு இப்போது மொட்டை மாடியில் படுக்கிறார். ஐம்பதைத் தாண்டிய மூளை, வாடகைக்கு விட்ட வீடு மாதிரி. எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று சொந்தக்காரனுக்கே தெரியாது.

ஆனாலும் டாக்டரிடம் ஒரு நடை போய் வாருங்கள். சும்மாதான். எனக்காக.

அன்புடன்,
மச்சான்

மார்ச் 2

அன்புள்ள மச்சானுக்கு,

டாக்டரிடம் போகவில்லை. போனால் இதற்கு ஒரு பேர் வைத்துவிடுவார்.

நானே வைத்தியம் செய்துகொண்டேன். வண்டி ஓட்டும்போது கண்ணில் படுவதையெல்லாம் நாலு இங்கிலீஷிலும் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். செவ்வாய்க்கிழமை சிக்னலில் சிவப்பு விழுந்தது. சிவப்பு என்று தெரிகிறது. சிவப்புக்கு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் வரவில்லை. போய்விட்டேன். குறுக்கே வந்த லாரியின் கண்ணாடி, உங்கள் தங்கை உட்கார்ந்திருந்த பக்கத்து ஜன்னலை உரசிக்கொண்டு போயிற்று.

“என்னங்க பண்றீங்க?” என்றாள்.

“பிரேக் புடிக்கலம்மா” என்றேன். பொய். பிரேக் இருக்கிற ஞாபகமே இல்லை.

மாதக் கடைசியில் எங்கள் கூட்டம் மலைப்பாதையில் போகிறது. முதல் வண்டி என்னுடையது. வளைவு, பள்ளம், எதிரே வண்டி எல்லாவற்றையும் ரேடியோவில் அவரவர் இங்கிலீஷில் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். அது என் வேலை. பக்கத்து சீட்டில் வழக்கம்போல் அவள். முன்னால் போகிற அந்த இடத்தையும் விட்டுக்கொடுத்தால், அப்புறம் நான் யார் மச்சான்?

மாப்பிள்ளை

மார்ச் 11

மாப்பிள்ளை,

கடிதத்தை ஆபீஸில் படித்தேன். படித்துவிட்டு நான் இருந்த இருப்பைப் பார்த்து மேனேஜரே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. முந்தின கடிதத்தில் கிண்டல் பண்ணிய வாயை என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

நீங்கள் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். என் தங்கையின் புருஷன். எனக்கு அது போதும். அந்தப் பக்கத்து ஜன்னலையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் தூங்கவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அவளிடம் சொல்லிவிடுங்கள். மலைக்குக் கிளம்புவதற்குள் உங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் நானே போன் போட்டு அவளிடம் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு நீங்கள் என் முகத்தில் விழிக்காவிட்டாலும் சரி.

மச்சான்

மார்ச் 24

அன்புள்ள மச்சானுக்கு,

நான் சொல்லச் சொல்ல உங்கள் தங்கை எழுதுகிறாள். வார்த்தை வராத இடத்தில் கோடு போடச் சொல்லியிருக்கிறேன். அவள் நிரப்பக் கூடாது. நீங்கள் உள்ளது உள்ளபடி பார்க்க வேண்டும்.

கேட்டுவிட்டு அவள் அழவில்லை. “லாரி வந்த அன்னைக்கே தெரியும். நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்” என்றாள். சாவி இப்போது அவளிடம். அவளுக்கு ஓட்டத் தெரியாது; அதுதான் பெரிய பாதுகாப்பு. கூட்டத்தாரிடமும் சொல்லிவிட்டேன். முன்னால் போக யாருக்கும் இஷ்டமில்லை. மலைப் பயணம் ரத்து.

வெள்ளிக்கிழமை ———ஐப் பார்க்கப் போகிறோம். தலையைப் படம் எடுப்பார்களாம். நேற்று ——— கழுவும்போது, எதற்காகக் கழுவுகிறேன் என்று நின்றுவிட்டேன். அவள் வந்து குழாயை மூடினாள்.

பயமாக இருக்கிறது மச்சான். அந்த ஒரு வார்த்தை மட்டும் தேடாமலே வருகிறது.

இதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். டிக்கெட் கிடைத்தால் வாருங்கள்.

இப்படிக்கு,
———

(அண்ணா, அவர் கோடு போடச் சொன்னார். போட்டேன். சீக்கிரம் வா.)