முழு ஒத்துழைப்பு

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அம்மாவும் சுகமா? போன தடவை வந்தபோது நீ முகம் கொடுத்தே பேசவில்லை என்று என் மனைவிக்குக் குறை. வேலைக் களைப்பு என்று சமாளித்தேன்.

பன்னாட்டு ரசாயன ஆயுத ஆய்வுக்குழு உங்கள் பூச்சிமருந்துத் தொழிற்சாலைக்கு வருகிறது. எல்லாக் கதவுகளையும் திறந்துவிடச் சொல்லியாகிவிட்டது. விஞ்ஞானிகளிடம் தனியாகப் பேசவும் அரசு சம்மதித்துவிட்டது. ஆனால் பேச ஒருவர்கூட முன்வரவில்லை. அரசு எதையோ மறைக்கிறது என்று குழு எழுதிவிட்டால், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் எங்கள் துறைக்குத்தான் தலைவலி. ஆய்வுக்கூடத் தலைவி என்று உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். கோபப்படாதே.

உன்
வாலு

மார்ச் 9

அன்புள்ள வாலுவுக்கு,

கேட்காமல் செய்துவிட்டுக் கோபப்படாதே என்கிறாய். சின்ன வயதிலிருந்து இதே கதைதான்.

ஏன் யாரும் முன்வரவில்லை என்று உனக்குத் தெரியாதா? தனியாக உள்ளே போகிறவள் என்ன பேசினாள் என்று வெளியே யாருக்கும் தெரியாது. நாளைக்கு எது கசிந்தாலும் பழி அவள் தலையில். "நம்ம ஆபீசர் ஒருத்தர் கூட உட்காரட்டும் சார்" என்று எங்கள் ஆட்கள் கெஞ்சுகிறார்கள்.

கதவுகளைத் திறந்தது உண்மை. மூன்றாம் கூடத்துக்கு மட்டும் அவசரமாக வெள்ளையடிப்பதும் உண்மை. "விருந்தாளி வராங்க மேடம், வீடு பளிச்சுனு இருக்க வேணாமா?" என்கிறார் மேலாளர். மற்ற கூடங்களுக்கு விருந்தாளி போகமாட்டாரா?

ஒன்று கேட்கிறேன். அதிகாரியாக வேண்டாம், தம்பியாகப் பதில் சொல். அந்த அறையில் நடக்கும் பேச்சை யாராவது ஒட்டுக்கேட்பார்களா? இல்லை என்று நீ சொன்னால் போகிறேன். கேட்பதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்வேன்.

அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா மேல் சத்தியம். அறையில் நீயும் ஆய்வுக்குழுப் பெண்மணியும் மட்டும்தான். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, தண்ணீர் ஜாடி. நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

பால் கொதிக்கிறதென்று சொன்னால்கூட தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறவள் நீ. இந்த ஒரு தடவை என்னை நம்பேன்.

வாலு

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக முடிந்தது! எங்கள் துறைத் தலைவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன். "உங்க அக்காவால மானம் தப்பிச்சுதுய்யா" என்றார். அரசு முழு ஒத்துழைப்புத் தந்தது என்றே குழு எழுதப்போகிறதாம்.

இத்துடன் ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன். படுக்கும் முன் தேய்த்துக்கொள். மாடி ஏறினால் உயிர் போகும் அளவுக்கு முட்டிவலி, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே? அவ்வளவு அந்நியமாகிவிட்டோமா? எலும்பு டாக்டரிடம் நான் நேரம் வாங்குகிறேன். பிடிவாதம் பிடிக்காதே.

வாலு

ஏப்ரல் 8

தம்பிக்கு,

களிம்பு வந்தது.

முட்டிவலியை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம் சொன்னால் தூங்கமாட்டாள். தொழிற்சாலையில் சொன்னால் ஓய்வு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்த அறையில்தான் சொன்னேன். காலை நீட்டி மடக்குவதைப் பார்த்து, உடம்புக்கு என்ன என்று அந்தப் பெண்மணி கேட்டாள். மாடி ஏறினால் உயிர் போகிறது என்றேன்.

பிறகு மூன்றாம் கூடத்தைப் பற்றிக் கேட்டாள். வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஏனோ விழுங்கிவிட்டு, உங்கள் துறை சொல்லச் சொன்னதையே சொன்னேன். வீட்டுக்கு வந்து என்னையே திட்டிக்கொண்டேன். தம்பி சத்தியம் செய்தும் நம்பாத பிறவி என்று. உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுத உட்கார்ந்தபோது பார்சல் வந்தது.

உனக்குப் பாசம் இல்லை என்று சொல்லமாட்டேன். கேட்டுக்கொண்டிருந்த உனக்கே வலித்திருக்கிறது. கடைக்கு ஓடியிருக்கிறாய். அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. நான் வாய் திறந்திருந்தால் எனக்கு என்ன அனுப்பியிருப்பாய்?

டாக்டர் வேண்டாம். அம்மாவைப் பார்க்க வருவதானால் முன்கூட்டியே அவளுக்குத் தகவல் சொல்லிவிட்டு வா. அன்றைக்கு நான் வீட்டில் இருக்கமாட்டேன்.

ஆய்வுக்கூடத் தலைவி