செல்வராஜுக்கு வைத்த பெயர்

ஞாயிறு, இரவு.

பொலிஸில் அடிவாங்கியவர்களைப் பற்றி மகள் கெம்பஸ் படிப்புக்கு ஆய்வு எழுதுகிறாள். தோட்டத்தில் பக்கத்து லயத்து வீட்டுச் செல்வராஜும் தனக்கு நடந்ததைச் சொன்னான், அவள் போனில் பதிந்துகொண்டாள். ஆள் தெரியக்கூடாதென்று அவனுக்கு மாணிக்கம் என்று பெயர் மாற்றி வைத்திருந்தாள். இன்று பெரகல சந்தித் தேத்தண்ணிக் கடையில் அவனைக் கண்டதும் என் வாய் சும்மா இருக்குமா?

“என்னப்பா மாணிக்கம்!”

“அது என்னாங்க புதுப் பேரு?” என்றார் கடைக்காரர்.

மகள் பெருமையை அளக்கும் ஆசையில் அத்தனையையும் சொல்லித் தொலைத்தேன். செல்வராஜ் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

பொழுதுசாய வீட்டுக்கே வந்துவிட்டான்.

“நான் பேசுனத அழிச்சிரும்மா. ஸ்டேசனுக்குத் தெரிஞ்சா திரும்பவும் தூக்கிருவானுங்க.”

மகள் அவன் கண்முன்னேயே அழித்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சாப்பிடும்போது, “அப்பா, இன்னுங் கொஞ்சம் சோறு போடவா?” என்றுதான் கேட்டாள். நானும் வெட்கமில்லாமல் தட்டை நீட்டினேன்.