கத்தலுக்கு முன்னால்

பிப்ரவரி 6

அம்மாவுக்கு,

நலம். நீயும் நலம் என்று போன வாரமே சொல்லிவிட்டாய், ஆகவே அந்தப் பகுதியைத் தாண்டுகிறேன். ஏன் கடிதம் என்றால், இந்தப் பேச்சை எடுத்தாலே "பால் பொங்குது" என்று போனை வைத்துவிடுகிறாய். மூன்று முறை பொங்கியாயிற்று. கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

அப்பா ஒலிப்பதிவு செய்த "பேய்க்கு லீவு இல்லை" படம் என் மேசைக்கு வந்திருக்கிறது. பழைய படங்களைச் சுத்தம் செய்து மறுபடி வெளியிடும் எங்கள் ஸ்டுடியோவில் ஒலி என் பொறுப்பு. நானே கேட்டு வாங்கினேன். மட்டமான படங்களைத் தேடிப் பிடித்துப் பார்க்கும் எங்கள் கூட்டத்துக்கு இதுதான் குலதெய்வம். பேய் கைக்கடிகாரம் கட்டியிருக்கும். மூன்றாம் காட்சியில் செத்த மாமனார் ஆறாம் காட்சியில் சட்டை மாற்றிக்கொண்டு வந்து காபி கேட்பார். "நல்ல படத்தை எவன் வேணா ரசிப்பான்டா, இதை ரசிக்கத்தான் பெரிய மனசு வேணும்" என்பார் எங்கள் கூட்டத்துப் பல் டாக்டர்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் கத்தல். பேய் வாயை மூடி அரை வினாடி கழித்துத்தான் கத்தல் வரும். நாலு வினாடி. அந்த இடத்தில் அரங்கமே எழுந்து கூடவே கத்தும். ஆறு வருடமாகக் கை காட்டித் தொடங்கி வைப்பவன் நான்.

அப்பா சாகும்வரை இந்தப் படத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. நீயும் திறப்பதில்லை. ஏன்? மார்ச் 9 ஞாயிறு காலைக் காட்சி. முன்வரிசையில் உனக்கு இடம் பிடித்துவிட்டேன்.

சின்னவன்


பிப்ரவரி 12

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்தைப் பார்த்தால் நின்றுகொண்டே எழுதியது போல இருக்கிறது. சாப்பிடுவதும் அப்படித்தானா?

எனக்கு முழங்கால் வலி அப்படியேதான். பள்ளிக்கூடத்துக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது, அதனால் வர இயலாது. அந்தப் படத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடேன். உலகத்தில் மோசமான படத்துக்கா பஞ்சம்?

குளிருக்குக் காதை மூடிக்கொள்.

அம்மா


பிப்ரவரி 18

அம்மா,

திரைச்சீலை ஒரு காரணமா?

எனக்குச் சுற்றி வளைக்க வராது. தயாரிப்பாளரின் மகள் ஒரு பெட்டி நிறையப் பழைய டேப்புகளை அனுப்பினாள். ஒன்றின்மேல் அப்பா கையெழுத்தில் "கத்தல்" என்று எழுதியிருந்தது. பழைய டேப் பிசுபிசுக்கும். ஐம்பது டிகிரி சூட்டில் எட்டு மணி நேரம் வைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். வெளியீட்டை மூன்று வாரத்தில் வைத்துக்கொண்டு யார் காத்திருப்பது? நேரே மாட்டி வேகமாக ஓட்டினேன். முன்னால் கால் மணி நேரம் ஏதோ குழந்தையின் பேச்சு. அந்த வேகத்தில் அணில் கத்துவது போல இருந்தது. சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டேன். கத்தல் வருவதற்குச் சற்று முன் நிறுத்தி, அங்கிருந்து மட்டும் கணினியில் பதிவு செய்தேன்.

படத்தில் கத்தல்மேல் இசை ஏறியிருக்கும். டேப்பில் இசை இல்லை. கத்தலோடு சேர்ந்து ஓர் ஆண் குரல், "பட்டு! பட்டு!" என்கிறது. அது அப்பா.

பட்டு யார்? அவருக்கு வேறு யாராவது இருந்தாளா? நம் வீட்டில் நீ அவரோடு நேராகப் பேசி நான் பார்த்ததில்லை. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பாய். அவர் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பார். நான் சொன்ன பிறகுதான் எழுந்து வருவார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று பத்து வயதுவரை நினைத்திருந்தேன்.

ஒளிக்காமல் எழுது.

சின்னவன்


பிப்ரவரி 25

சின்னவனே,

அப்பாவை அப்படி நினைக்காதே. அவருக்கு வேறு யாரும் இல்லை.

பட்டு உன் அக்கா. வீட்டில் கூப்பிட்ட பேர். மூன்றரை வயது. நீ பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்னால். புது மெஷின் வந்திருக்கிறது, இவள் வாயடிப்பதைப் பிடித்து வைக்கிறேன் என்று மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார். அந்த வீட்டில் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் பாதிதான் கட்டியிருந்தது. அவர் காதில் ஹெட்போன், கண் மெஷினில் சத்தத்தின் அளவு காட்டும் முள்ளின் மேல். நான் துணி காயப்போடப் படியேறி வந்தேன். அவளைத் தொடக்கூட முடியவில்லை.

கத்தியது நான்.

ஏழு மாதம் கழித்து, "வா, மனசு மாறும்" என்று அந்தப் படத்துக்கு அழைத்துப் போனார். பேயின் வாயிலிருந்து என் குரல் வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் விசிலடித்தார். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "வேற யார் கத்துனாலும் பொய்யா இருந்துச்சு" என்றார். அதற்குப் பிறகு அவரிடம் நான் நேராகப் பேசவில்லை. அவரும் பேசச் சொல்லிக் கேட்கவில்லை.

கத்தலை வைப்பதோ எடுப்பதோ உன் இஷ்டம். அது எனக்கு மறக்கப் போவதில்லை. ஆனால் முன்னால் ஒரு குழந்தை பேசுகிறது என்று எழுதியிருக்கிறாயே. அந்த டேப்பை அவர் அப்போதே அழித்துவிட்டார் என்றிருந்தேன். அவள் படம் இரண்டு என்னிடம் இருக்கிறது. குரல் எப்படி இருக்கும் என்பது மறந்துபோய்விட்டது. எத்தனை யோசித்தும் வருவதில்லை, உன் குரல்தான் வருகிறது.

அந்தக் கால் மணி நேரத்தை அனுப்பு. வேறொன்றும் கேட்கமாட்டேன்.

அம்மா


மார்ச் 10

அம்மா,

இதை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். நேராகவே சொல்கிறேன். அந்தக் கால் மணி நேரம் இல்லை.

சூடு காட்டாமல் வேகமாக ஓட்டியதில், ஒலி பதிந்திருந்த பூச்சு முழுவதும் உரிந்துவிட்டது. மிச்சமிருந்த டேப்பை விதிப்படி எட்டு மணி நேரம் சூட்டில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து ஓட்டிப் பார்த்தேன். வெறும் பிளாஸ்டிக். அன்று மெஷினைப் பஞ்சால் துடைத்தேன், பழுப்பாக வந்தது, குப்பையில் போட்டேன். அது என்ன என்று இப்போது தெரிகிறது. அவளைக் கடைசியாகக் கேட்டவன் நான்தான் அம்மா. சிரித்தேன்.

கத்தலைப் படத்திலிருந்து எடுத்துவிட்டேன். "அது இல்லாட்டி இந்தப் படத்துல என்ன சார் இருக்கு?" என்றாள் தயாரிப்பாளரின் மகள். வேலையை விடுகிறேன் என்றதும் சம்மதித்தாள். நேற்றுக் காட்சி. பேய் வாயை மூடியது. சத்தமில்லை. அரை வினாடிதான். பிறகு முந்நூறு பேரும் தாங்களாகவே கத்தினார்கள். யாரும் கை காட்டவில்லை. சரியாக நாலு வினாடி. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். பல் டாக்டர் பின்னாலேயே வந்து, "என்னடா, குலதெய்வத்தையே ஊமையாக்கிட்டே?" என்றார். ஆறு வருடம் உன்னோடு சேர்ந்து கத்தியிருக்கிறேன்.

இன்னொன்று. கத்தலுக்குச் சற்று முன்னால் நிறுத்திப் பதிவைத் தொடங்கினேன் என்றேனே, அந்தச் சற்று முன் மூன்று வினாடி. அதில் பட்டு இருக்கிறாள். இரைச்சலை நீக்கிவிட்டேன், தெளிவாக இருக்கிறது. நாலு வார்த்தை. கடைசி நாலு வார்த்தை என்பதால் தபாலில் அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. அழிக்கவும் வரவில்லை. அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்னவோ.

சனிக்கிழமை மெஷினோடு வருகிறேன். வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது, வெறுங்கையோடு வருகிறேன். என்னிடமும் யாரையாவது வைத்துத்தான் பேசுவாய் என்றாலும் வருகிறேன்.

ஆனால் முடிவு செய்வதற்கு முன் இது உனக்குத் தெரிய வேண்டும். அந்த நாலு வார்த்தையும் அப்பாவிடம் சொன்னவை அல்ல. நீ படியேறி வருவதைப் பார்த்துவிட்டாள். உன்னைத்தான் கூப்பிடுகிறாள்.

சின்னவன்