டிரையர் பெட்டியில் சேர்ந்த தண்ணீர்

நவம்பர் 9, 2008 – ஞாயிறு

மழை. காலையிலிருந்து விடவில்லை. பதினோரு மணிக்குச் சிதம்பரத்திலிருந்து டெம்போ. அவருடைய அக்கா மல்லிகா அண்ணி சொன்னபடியே வாஷிங் மெஷின், டிரையர் இரண்டையும் அனுப்பிவிட்டார். ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு திரும்பியபோது கப்பலில் போட்டுக் கொண்டுவந்தவை. சன்னதித் தெரு வாடகை வீட்டில் ஓனர் அம்மாள் பிளக் மாட்டவே விடவில்லையாம். மீட்டர் எரிந்துவிடும் என்று பயம். எனக்கு அடித்தது யோகம்.

டெம்போக்காரர் இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, உள்ள கல்ல கில்ல வச்சி அனுப்பிட்டாங்களா?" அண்ணியிடம் போனில் கேட்டேன். நிஜமாகவே கான்கிரீட் கல்தானாம், சுற்றும்போது ஆடாமல் இருக்க. நன்றாகத்தான் யோசித்திருக்கிறான் வெள்ளைக்காரன்.

அண்ணி சொன்னவை, மறக்காமல் இருக்க:
– கதவு முன்னால். ஓடும்போது திறக்காது. இழுத்து உடைக்க வேண்டாம்.
– பச்சைத் தண்ணீர்க் குழாய் ஒன்று போதும். தானே சுடவைத்துக்கொள்ளும். 30, 40, 60, 90.
– மூன்றரை கிலோதான். ஜமுக்காளம், போர்வை கூடாது.
– 40-ல் போட்டால் இரண்டு மணி நேரம். (இரண்டு மணி நேரத்தில் நான் கையாலேயே துவைத்து, சமைத்து, சாப்பிட்டும் விடுவேன்.)
– டிரையர் மேலே, வாஷிங் மெஷின் கீழே. மாற்றி அடுக்கக்கூடாது.
– டிரையருக்கு வெளிக்குழாய் கிடையாது. துணியின் ஈரம் ஆவியாகி, உள்ளேயே குளிர்ந்து, மேலே உள்ள பெட்டியில் தண்ணீராகச் சேரும். நிறைந்ததும் இழுத்துக் கொட்ட வேண்டும்.
– பஞ்சு வடிகட்டி ஒவ்வொரு முறையும். ஆவியைக் குளிரவைக்கும் கண்டென்சர் மாதம் ஒருமுறை குழாயடியில்.

கடைசியிலிருந்து இரண்டாவது, நான் ஒன்பதாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நடத்தும் காய்ச்சி வடித்தல். வீட்டுக்கே லேப் வந்துவிட்டது.

பிளக் உருண்டை, நம் சாக்கெட்டில் ஏறவில்லை. எலெக்ட்ரீஷியன் பாஸ்கர் வந்து வெட்டி மாற்றினான். ஓர அறையில் வைத்தாயிற்று. அவர் ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்துவிட்டு, "என்னா இது, பொம்ம மிஷினா?" என்றார்.

நவம்பர் 11 – செவ்வாய்

மழை. ஸ்கூல் லீவு. முதல் துவையல். அவருடைய யூனிஃபார்ம் இரண்டு செட், என் புடவை, மகள் கவியின் நைட்டிகள். கம்பெனி லாண்டிரியை ஆகஸ்டில் நிறுத்தியதிலிருந்து யூனிஃபார்ம் வீட்டுக்கு வருகிறது. அவரவர் வீட்டில் துவைத்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு. செம்மங்குப்பம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எல்லாக் கம்பெனியும் இப்படியா என்று தெரியாது, இவர் கம்பெனி இப்படி.

பாதியில் கரண்ட் கட். அண்ணி சொன்னது சரி, கதவு திறக்கவில்லை. தண்ணீரோடு துணி உள்ளே. கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருடைய நீலச் சட்டைக் கை ஒன்று கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. பார்க்கப் பிடிக்கவில்லை. எழுந்து போய்விட்டேன்.

மாலையில் டிரையர். துணி வெளியே வரும்போது சூடாக, இஸ்திரி போட்டதுபோல. எட்டு நாளாகக் கொடியில் நாறிய துணியை நினைத்தால் கும்பிடத் தோன்றியது. ஆனால் அறை முழுக்க பூட் பாலிஷ் வாசனை. "அப்பா சேஃப்டி ஷூ வாசனதாம்மா. நம்ம ஊட்ல எப்பவும் அடிக்குமே" என்றாள் கவி. ஆமாம், எப்பவும் உண்டு. மூக்குக்குப் பழகிவிட்டது.

கவிக்கு அந்த அறை பிடித்துவிட்டது. வெதுவெதுப்பாக இருக்கிறதாம். பாயைத் தூக்கிக்கொண்டு அங்கேயே போய்விட்டாள். வளைகாப்பு முடிந்து அழைத்துவந்து பத்து நாள். ஏழு முடிந்து எட்டாம் மாதம். அவள் இஷ்டம்.

நவம்பர் 13 – வியாழன்

மழை கொஞ்சம் குறைவு. ஸ்கூல் இன்னும் திறக்கவில்லை.

குழந்தைத் துணி வேலை. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது, உடம்பு உறுத்தும், பழைய வேட்டிதான். மூன்று வேட்டி கிடைத்தது. ஆகஸ்டிலிருந்து அவர் யூனிஃபார்மை மூட்டை கட்டிக்கொண்டு வருவது இவற்றில்தான். துவைத்துத் துவைத்து நைந்து பூ மாதிரி இருக்கின்றன. கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, வாஷிங் மெஷினில் போட்டு, மொத்தம் இருபத்து நான்கு. கவி ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "அப்பா வாசன அடிக்குதும்மா." சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

டிரையர் பெட்டித் தண்ணீரை வீணாகக் கொட்ட மனசு வரவில்லை. ஒரு நடைக்கு ஒன்றரை லிட்டர் வருகிறது, உப்பே இல்லாத தண்ணீர். பேட்டரிக் கடையில் இதையே பாட்டிலில் அடைத்து விற்கிறான். வாளியில் சேர்த்து மூன்று நாளாக ஓர அறையை அதில்தான் துடைக்கிறேன். தரை பளபள.

நவம்பர் 15 – சனி

கவிக்குக் காலையில் தலைவலி. நேற்றும் இருந்ததாம், சொல்லவில்லை. தைலம் தடவினேன். மத்தியானம் கூடத்தில் படுத்தாள், சரியாகிவிட்டது. ராத்திரி மறுபடி அந்த அறைக்கே போகிறாள். ஜன்னலைத் திறக்கச் சொன்னால் சாரல் அடிக்கிறதாம்.

மாப்பிள்ளை சென்னையிலிருந்து போன். டிசம்பர் கடைசியில் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஷிஃப்ட் முடிந்து அவர் லேட். சாப்பிடவில்லை. கேட்டதற்கு, "மதியழகன ஊட்டுக்கு அனுப்பிச்சிட்டாங்க, ஒடம்பு சரியில்ல. அவன் வேலயயும் நாந்தான் பாத்தேன்." என்ன உடம்புக்கு? "அசதி." பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

நவம்பர் 16 – ஞாயிறு

சாரல். யூனிஃபார்ம் மூன்று செட் சேர்ந்துவிட்டது, அதை மட்டும் போட்டேன். பெட்டித் தண்ணீரை வாளியில் கொட்டாமல் கண்ணாடித் தம்ளரில் பிடித்துப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது. பூட் பாலிஷ் வாசனை அதிலிருந்துதான் வருகிறது. அடியில் மஞ்சளாக எண்ணெய்த் துளிகள், நாலைந்து.

எண்ணெய் என்றால் மிதக்க வேண்டும். இது அடியில் கிடக்கிறது. ஆட்டினேன், உடைந்து மறுபடி அடியில் போய்ச் சேர்ந்தது.

பாலிஷ் தண்ணீரில் இப்படி மூழ்காது. அந்தத் தம்ளரைக் கழுவ மனசில்லாமல் குப்பையில் போட்டேன். அண்ணிக்குப் போன். "எங்க மெஷின்ல ஒரு வாசனயும் வந்ததில்லியே விஜயா. தண்ணி பச்சத் தண்ணியாட்டம் இருக்கும். நீ என்னாத்தப் போட்ட உள்ள?"

நவம்பர் 18 – செவ்வாய்

மூட்டம். ஸ்கூல் திறந்துவிட்டது, நான் லீவு போட்டேன். கவி கூடத்தில். ஓர அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மெஷினைக் காலியாக 90-ல் ஓட்டினேன். டிரையரின் கண்டென்சரை உருவி, சோப்பு போட்டுக் கழுவினேன்.
ஒன்று: கடையிலிருந்து வந்தபடி புது டவல், நனைத்து. வாசனை இல்லை. தண்ணீர் சுத்தம்.
இரண்டு: கவியின் நைட்டி, பாவாடை. வாசனை உண்டு. துளி இல்லை.
மூன்று: குழந்தைத் துணி இருபத்து நான்கு. வாசனை உண்டு. அடியில் ஒரு துளி.

மெஷின் மேல் தப்பில்லை. துணியில் இருப்பதைத்தான் அது காட்டுகிறது.

ஆகஸ்டிலிருந்து மூன்று மாதம். கொடியில் காயப்போட்டபோது எல்லாம் கடற்காற்றோடு போய்க்கொண்டிருந்தது, எனக்குத் தெரியவில்லை. இந்த மெஷின் எதையும் வெளியே விடாது. அந்தத் தண்ணீரில் என் பெண் படுக்கிற தரையைத் துடைத்தேன். நான் சயின்ஸ் டீச்சர். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நவம்பர் 19 – புதன்

மழை மறுபடி. அவர் இரண்டரை மணிக்கு வந்தார். கவி தூங்கிக்கொண்டிருந்தாள். பின்கட்டுக்கு அழைத்துப்போய்த் தண்ணீரைக் காட்டினேன். பார்த்ததுமே அவர் முகம் மாறியது. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"மூணாம் நம்பர் பிளாண்டு கெமிக்கல் சரக்கு. பைப்பு கசியுது, ஆடி மாசத்திலேருந்து."

"தெரிஞ்சிதான் கொண்டாந்தீங்களா?"

"தொவச்சா போயிடும்னாங்க. சூப்பர்வைசருதான் சொன்னாரு."

"மதியழகனுக்கு என்னா?"

"ஒதடு நீலமாயிடிச்சி. மயங்கி உழுந்துட்டான். தோல் வழியா உள்ள போவுமாம். ஊசி போட்டு ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க, வெளிய பேசக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னாங்க."

"ஊட்ல புள்ளதாச்சி இருக்கான்னு ஒங்களுக்குத் தெரியாது?"

படியில் உட்கார்ந்தார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை.

நவம்பர் 20 – வியாழன்

கவியை டாக்டரிடம் கூட்டிப்போனேன். குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது. கவிக்கு இரத்தம் குறைந்திருக்கிறது. போன மாதத்துக்கு இப்போது நிறையவே இறங்கிவிட்டது. "வீட்ல பெயின்ட் அடிக்கிறீங்களா, பூச்சிமருந்து அடிச்சீங்களா?" கவியை வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளதைச் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மொதல்ல அந்தப் பொண்ண அந்த வீட்ட விட்டு வெளிய கொண்டு போங்க. அப்புறம் பேசலாம்."

ஓர அறையைப் பூட்டிவிட்டேன். கவியிடம் கரண்ட் லீக் என்று சொன்னேன். இனி ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய்.

நவம்பர் 21 – வெள்ளி

அவர் கம்பெனியில் கேட்டிருக்கிறார், லாண்டிரி திரும்ப வேண்டும் என்று. சூப்பர்வைசர் சொன்ன பதில்: "ஊட்ல தொவைக்கிறதுக்குக் கஷ்டமா இருந்தா தொவைக்காம போட்டுகிட்டு வா." இன்னும் நாலு வருஷ சர்வீஸ். வேலையை விடுங்கள் என்று சொன்னேன். "வுட்டுட்டு?" என்றார்.

யூனிஃபார்மைக் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வருகிறார். வந்ததும் பின்கட்டில் குளியல், தலை முதல் கால் வரை, இரண்டு சோப்பு. கூடத்துக்கு வருவதில்லை. சாப்பாடு சமையலறைத் தரையில், தனியாக.

நவம்பர் 22 – சனி

மழை விட்டது. பிரசவம் வரை கவி சிதம்பரத்தில், மல்லிகா அண்ணி வீட்டில். நானும் கூட. மெடிக்கல் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. அண்ணியிடம் மட்டும் உண்மை. "எம் பொண்ணாட்டம் பாத்துக்கறேன், கெளம்பி வா" என்றார். வேறு ஒரு கேள்வி இல்லை.

சம்பந்தியம்மாவுக்குப் போன். வீட்டில் தண்ணீர் புகுந்துவிட்டது, கொசு ஜாஸ்தி என்றேன். "தலப்பிரசவம் தாய் ஊட்லதானே பாப்பாங்க. அத்த ஊட்டுக்கு அனுப்பறதுக்கு எதுக்கு எங்ககிட்டேருந்து கூட்டிகிட்டுப் போனீங்க?" நியாயமான கேள்வி. வாங்கிக்கொண்டேன்.

குழந்தைத் துணி இருபத்து நான்கையும் பின்கட்டுக்கு எடுத்துப்போனேன், கொளுத்தலாம் என்று. "கொளுத்தாத, பத்திக்கும், பொகையும் கெடுதல்" என்று அவர் வாங்கிக்கொண்டு, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினார். கட்டும்போது ஒன்றின் ஓரத் தையலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்குப் போய்ப் புதுத்துணி வாங்கி வந்தேன். உறுத்தினால் உறுத்தட்டும்.

எடுத்துக்கொள்ள: ஸ்கேன் ரிப்போர்ட், இரும்பு மாத்திரை, வெந்நீர் பிளாஸ்க், கவிக்குப் புது நைட்டி நான்கு. இந்த வீட்டுத் துணி ஒன்றுகூட வேண்டாம்.

நவம்பர் 23 – ஞாயிறு. சிதம்பரம்.

வெயில். பத்து மணி பஸ்ஸில் வந்து சேர்ந்தோம்.

அவர் வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். சவரம் செய்து, பண்டிகைக்கு எடுத்த சட்டை. கீழேயே நின்றார். கவி ஜன்னல் வழியே, "அப்பா, ஒதைக்குதுப்பா. மேல வாங்க, கைய வச்சிப் பாருங்க" என்றாள். ஏறி வந்தார். கையை நீட்டினார். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டியிருக்கலாம். குளித்துவிட்டுத்தானே வந்தார். ஆட்டவில்லை.

"கை ஈரமா இருக்குதும்மா" என்று எடுத்துக்கொண்டார். "பொறந்தப்பறம் தூக்கிக்கறேன்." இறங்கிப் போய்விட்டார். இன்றைக்கு அவருக்கு இரண்டு மணி ஷிஃப்ட்.

புதுச்சத்திரம் தாண்டியதும் கவி கேட்டாள்: "அப்பா ஏம்மா நாலு நாளா எங்கிட்டயே வர மாட்டேங்கறாரு? நான் என்னா பண்ணேன்?"

தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.