மஞ்சள் கைப்பட்டையும் என் அட்டவணையும்

ஜூன் 9, திங்கள்

காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை, "நூலகத்துக்கு வாலண்டியர் யார் யார்?" என்று கேட்டார். மைதானம் முழுக்க ஒரே ஒரு கை. என்னுடையது. பிறகு ஆசிரியைகளே ஏழு பேரை எழுப்பி நிறுத்தினார்கள். அவர்களுக்கும் வாலண்டியர் என்றுதான் பெயர். என் பக்கத்து இருக்கைக் கொட்டாவியும் அதில் மாட்டினாள். (பாதி நாள் வாயைப் பிளந்தபடியே இருப்பாள், அதனால் அந்தப் பெயர்.) "உன் கை உன் பேச்சைக் கேக்கவே கேக்காதாடி?" என்று என்மேல் எரிந்து விழுந்தாள்.

மஞ்சள் கைப்பட்டை கொடுத்தார்கள். நூறு மணி நேரம் வேலை செய்தால் சான்றிதழ்.

அகராதியைப் பார்த்தேன். தன்னார்வலர்: கட்டாயமின்றித் தானே முன்வந்து உழைப்பவர். 'தானே முன்வந்து' — எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் கொட்டாவி இதில் எங்கே வருவாள்?

ஜூன் 12, வியாழன்

கால் கடுக்கிறது. வீட்டுப்பாடம் அப்படியே கிடக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

நூலகத்தைப் பார்த்துக்கொள்வது ஒரே ஒரு அக்கா. ஆறு வருடமாகத் தற்காலிகம். ஒரு தற்காலிகம் ஆறு வருடம் நீளுமா? கூரை ஒழுகி நனைந்த புத்தகங்களை இன்று காயவைத்தோம். பக்கங்களுக்கு நடுவே பழைய செய்தித்தாளைச் செருகி, விசிறிபோல விரித்து நிறுத்த வேண்டும். "படுக்க வச்சா ஒட்டிக்கும் பாப்பா, நிக்க வை," என்றார் அக்கா. நாற்பத்தாறு புத்தகங்கள். முதுகு போய்விட்டது.

வீட்டில் அப்பா அதே நாற்காலியில். தொழிற்சாலை கொடுத்த கடிதத்தில் 'விருப்ப ஓய்வு' என்று போட்டிருக்கிறது. இதுவும் தன்னார்வம் மாதிரியா என்று கேட்டுத் தொலைத்தேன். "விருப்பம் அவங்களுது. ஓய்வு எனக்கு," என்றார். வேலை முடிந்து அப்போதுதான் வந்த அம்மா சிரிக்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் போய் முட்டிக்கொள்கிறோம். அதனால் நானே ஓர் அட்டவணை போட்டேன். காலை, இடைவேளை, மாலை. ஐந்து நாளுக்கும் நான்கு நிறப் பென்சில். கட்டம் ஒன்றுகூடக் காலியில்லை. அடியில், "இனி நூலக மேசை ஒரு நிமிடமும் ஆளில்லாமல் இருக்காது" என்று எழுதித் தலைமையாசிரியையிடம் கொடுத்தேன். "அடேயப்பா!" என்றார். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன்.

ஜூன் 27, வெள்ளி

ஒன்றாம் தேதியிலிருந்து அக்கா வரவேண்டாமாம். "பிள்ளைங்களே அழகா பாத்துக்கறாங்களே," என்றாராம் தலைமையாசிரியை.

அக்கா என்னைத் திட்டியிருக்கலாம். சுவரில் ஒட்டியிருந்த என் அட்டவணையைப் பார்த்து, "கையெழுத்து முத்து முத்தா இருக்கு பாப்பா," என்றார்.

ஐயோ. என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்? அட்டவணை போடச் சொல்லி யாரு என்னைக் கேட்டா?

ஜூன் 28, சனி

அப்பாவிடம் சொன்னேன். "எங்க இடத்துலயும் எவனோ ஒருத்தன் கலர் கலரா இப்படி ஒண்ணு போட்டுக் குடுத்திருப்பான்," என்றார். கொஞ்சம் கழித்து, "நல்ல பையனாத்தான் இருந்திருப்பான்."

ஜூலை 2, புதன்

நூலகச் சாவி இப்போது என்னிடம். பை கனக்கிறது, சாவி சின்னதுதான்.

கைப்பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று எல்லோரிடமும் கேட்டேன். மூன்று பேருக்குச் சான்றிதழ் வேண்டும். "மாட்டும்போது என்னைக் கேக்கல, கழட்டும்போது மட்டும் கேக்கறாங்கப்பா," என்றபடி முதலில் கழற்றியது கொட்டாவிதான்.

ஜூலை 3, வியாழன்

ஐந்து கைப்பட்டைகளையும் சாவியையும் தலைமையாசிரியையின் மேசையில் வைத்தேன். அக்காவைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன்.

"வாலண்டியர்னா நீங்களா வந்ததும்மா. யாரும் கட்டாயப்படுத்தல."

"அதான் மிஸ். நாங்களாவே போறோம்."

"உன்னைப் போய் நல்ல பொண்ணுன்னு நெனச்சேன்."

கழிப்பறையில் போய் அழுதேன்.

ஜூலை 8, செவ்வாய்

மீதி மூன்று பேரால் முடியவில்லை. நூலகம் பூட்டியிருக்கிறது. திருப்பித் தரக் கொண்டுவந்த புத்தகங்கள் வாசலில் குவிந்து கிடக்கின்றன. விடாத மழை. உள்ளே ஒழுகிக்கொண்டிருக்கும். யார் நிமிர்த்தி வைப்பார்கள்? நான் செய்தது சரியா? போய்ச் சாவியைக் கேட்கலாம் என்று கை துறுதுறுக்கிறது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு கணக்குப் பாடம் கேட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

கதவு திறந்திருந்தது. உள்ளே அக்கா. மேசை முழுக்க நனைந்த புத்தகங்கள், விசிறி விசிறியாக நின்றபடி.

"மறுபடி கூப்பிட்டுட்டாங்க. வாரம் நாலு நாள்தான் பாப்பா. தற்காலிகம்," என்று சிரித்தார். சுவரில் அட்டவணை இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும்.

நான் செய்தித்தாளை எடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "புத்தகம் எடுக்கத்தானே வந்தே? எடுத்துட்டு உக்காரு."

இத்தனை நாளில் அங்கே உட்கார்ந்தது இன்றுதான். மூன்றாம் பக்கத்திலேயே தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. மணி அடித்தபிறகுதான் அக்கா எழுப்பினார்.